இலுப்பை விளக்கில் நிழல் எண்ணிய ஊர்

மண்ணெண்ணெய் நின்றுபோன வருஷத்தில் எங்கள் ஊர் ஜனங்கள் வௌவால்களைத் தகரம் தட்டி விரட்டிவிட்டு இலுப்பை மரங்களை உலுக்கினார்கள். அந்தக் கொட்டையை ஆட்டி விளக்கேற்றிய நாளிலிருந்து ஆள் ஓரிடத்திலும் நிழல் வேறோரிடத்திலும் விழ ஆரம்பித்தது. மரத்துக்கும் நிழலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கண்மாய்க் கரைத் தோப்பில் ஒரு வழக்கம் இருந்தது, அவ்வளவுதான் தெரியும். பழத்தை வௌவால் தின்ன வேண்டும், அது தின்று துப்பிய கொட்டையை மட்டும் மனுஷர் பொறுக்க வேண்டும், கிளையைத் தொடக் கூடாது. யுத்தம் வந்து மண்ணெண்ணெய்க்கும் தீப்பெட்டிக்கும் பஞ்சம் வந்தபோது வௌவால் தின்று முடிக்கும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை, விளக்கில்லாத ஊருக்கு இலுப்பைக் கொட்டைதான் சூரியன் என்று சிரித்துக்கொண்டே தொரட்டியும் கம்புமாகப் போய் மூன்றே நாளில் தோப்பை மொட்டையடித்தார்கள். வௌவால்கள் பட்டப்பகலில் ஊருக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு மேற்கே போயின, திரும்பி வரவில்லை.

கொட்டையைக் காயப்போட்டு, ஓட்டை உடைத்து, பருப்பைச் செக்கில் கொடுத்து ஆட்டி, கசப்பு வாடை அடிக்கும் எண்ணெயை வீட்டுக்கு வீடு கலயத்தில் நிரப்பினார்கள். பழைய வேட்டியைக் கிழித்துத் திரி திரித்தார்கள். தீப்பெட்டி இல்லாததால் எந்த வீட்டு அடுப்பில் சாம்பலுக்கடியில் கங்கு உயிரோடு இருக்கிறதோ அந்த வீட்டுக்குப் பெண்கள் ஆளுக்கொரு வறட்டித் துண்டோடு போய் நெருப்பு வாங்கி வந்தார்கள். விளக்கு வைத்த வீட்டில் பிறகு நெருப்புக் கொடுக்க மாட்டார்கள் என்பதால் பொழுது சாயும் முன்பே தெருவெல்லாம் புகையும் வறட்டிகள் நடந்துபோகும்.

முதல் சாயங்காலம் விளக்கு வைத்தபோது, வடக்குத் தெருவில் பிறந்து தெற்குத் தெருவில் வாழ்க்கைப்பட்ட ஒரு மருமகளின் நிழல் அவள் ஆத்தா வீட்டுச் சுவரில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தது. ஒரு மாமியாரின் நிழல் மகள் வீட்டில் அரிசி புடைத்தது. பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போய் ஏழு மாதமாகக் கடுதாசி இல்லாத ஒருவனின் நிழல் அவன் ஆத்தா வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அவள் அழுதுகொண்டே இலை போட்டாள். ஊர் பயப்படவில்லை, சிரித்தது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று எந்தக் கிறுக்கன் சொன்னான், விளக்கில் அல்லவா தெரிகிறது என்று கேலி பேசினார்கள். தன் நிழல் அடுத்தவர் வீட்டில் போய் உட்கார்ந்தால் மறுநாள் அந்த வீட்டுக்கு ஒரு கட்டு பருத்திமார் விறகு அனுப்பிவிட வேண்டும், அவர்கள் வெளிச்சத்தில் இடம் எடுத்துக்கொண்டதற்கு என்று பெண்கள் கிணற்றடியில் பேசி முடிவு செய்தார்கள். இப்படியாக அந்த அதிசயம் பத்து நாளில் பழகிய விஷயம் ஆகிவிட்டது.

மனசு எங்கே கிடக்கிறதோ நிழலும் அங்கேதான் கிடக்கும் என்று பதினோராம் நாள் ஆண்களுக்குப் புரிந்தது. அன்றைக்குத்தான் பயம் பிறந்தது. அத்தை மகன் வீட்டுச் சுவரில் நிழல் விழுந்த ஒருத்தியின் உள்ளங்கையை அவள் புருஷன் எரிகிற வறட்டியில் வைத்து அழுத்தினான். அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் சோற்றைப் பார்த்துச் சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். நாட்டாண்மை மூக்கையா கூட்டம் போட்டு, இனி தலைக்கு ஒரு நிழல் என்றார். குறைந்தாலும் கூடினாலும் காலையில் வந்து சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் மறைத்தால் ஊர் வந்து எண்ணும். எண்ணுவதற்கு மூன்று பேர்: நாட்டாண்மை, அவர் மச்சான் வீரணன், மேலத்தெரு வயிரவன். எண்ணுகிறவர்களை யாரும் எண்ணக் கூடாது என்றும் கூடவே ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். அந்த வரியைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

வயிரவன் பெண்சாதி அடைக்கி. ஒரே மகள் மெய்யாத்தா, பதினெட்டு வயது. கூட்டம் முடிந்த மறுநாள் சாயங்காலம் அடைக்கி விளக்கைத் தூக்கி மாடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அடுப்படியில் மகள் உட்கார்ந்திருந்தாள், சுவரில் அவள் இல்லை. அடைக்கி விளக்கை இடம் மாற்றிப் பார்த்தாள், மகளை எழுந்து நிற்கச் சொன்னாள், கையை ஆட்டச் சொன்னாள். சுவரில் அடைக்கியின் நிழல் மட்டும் விளக்கைத் தூக்கிக்கொண்டு பேதலித்து நின்றது.

"யாருடி?"

மெய்யாத்தா பருத்திமாரை ஒடித்து அடுப்பில் வைத்தாள். தலை நிமிரவில்லை.

"சங்கிலி."

சங்கிலி கீழத்தெரு. கரிமூட்டம் போடுகிறவன். பஸ்களே கரியில் ஓடிய வருஷம் அது என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, தார் ரோட்டில் மறுநாள் காலை வரும் பஸ்ஸுக்குக் கொண்டுபோவான். கீழத்தெருக்காரன் மேலத்தெருவுக்குள் செருப்போடு நடக்கக் கூடாத காலம்.

"ஒங்கய்யாவுக்குத் தெரிஞ்சா என்னாகும்னு தெரியுமாடி?"

"தெரியும் ஆத்தா. சிகப்பியக்காவுக்கு ஆனதுதான்."

அடைக்கி அவள் வாயைப் பொத்தினாள். சிகப்பி, வயிரவனின் செத்துப்போன அண்ணன் மகள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கண்மாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் படியில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தாள் என்பது ஊர்ப் பேச்சு. அதற்கு ஒரு வாரம் முன்னால் அவள் கீழத்தெருப் பையன் ஒருவனோடு பேசிக்கொண்டு நின்றாள் என்பதும் ஊர்ப் பேச்சுதான். இரண்டு பேச்சையும் சேர்த்துப் பேச மட்டும் ஊருக்கு வாய் வரவில்லை. அடைக்கிக்கும் வரவில்லை.

"அவ வழுக்கி விழுந்தவடி. ஒளறாத. நீ மனச இழுத்துப் பிடி. நெழலு தானா வந்துரும்."

"பிடிச்சுப் பாத்துட்டேன் ஆத்தா. பகல்ல கூடவேதான் நிக்கிது. வெளக்கு வச்சா போயிருது."

மறுநாளிலிருந்து அடைக்கி இலுப்பை எண்ணெயைத் தொடவில்லை. பிள்ளைப்பேற்றுக்கும் வயிற்று வலிக்கும் என்று வைத்திருந்த ஒரு கலயம் விளக்கெண்ணெயை எடுத்து அகலில் ஊற்றினாள். விளக்கெண்ணெய் விளக்கு நாணயமானது. ஆள் உட்கார்ந்த இடத்தில் நிழலைப் போடும். ஆனால் அதற்கு இலுப்பையின் கசப்பு வாடை கிடையாது, தெருவில் போகிறவன் மூக்குக்குத் தெரிந்துவிடும். அதனால் இலுப்பைப் புண்ணாக்கைக் கங்கில் தூவி, கண்ணெல்லாம் எரிய எரிய, வீட்டைக் கசப்புப் புகையால் நிறைத்தாள். புருஷனைப் பற்றித்தான் அதிகம் பயந்தாள். அவனோ விளக்கு வைக்கும் முன்பே சாப்பிட்டுவிட்டு வெளியே போய்விடுகிறவனாக இருந்தான்; இலுப்பை எண்ணெய் வந்த நாளிலிருந்தே அப்படித்தான். எண்ணெய்ச் சிக்கனம் போல என்று நினைத்தாள், அதற்காகச் சாமிக்கு நன்றிகூடச் சொன்னாள்.

கீழத்தெருவில் சங்கிலியின் ஆத்தா விளக்கேற்றியபோது, அவள் குடிசைச் சுவரில் ஒரு குமரிப் பெண்ணின் நிழல் தண்ணீர்ப் பானை பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யார் என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. வாயால் ஊதி விளக்கை அணைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். இரண்டு நாளில் கீழத்தெரு முழுவதும் விளக்கு வைப்பதை நிறுத்திவிட்டது. ஒரு வீடு மட்டும் இருண்டிருந்தால் அந்த வீட்டுக்கு ஆபத்து, தெருவே இருண்டிருந்தால் யாருக்கென்று தெரியாது என்பது அவர்கள் கணக்கு. நாற்பது குடிசையும் இருட்டில் கஞ்சி குடித்தன, இருட்டில் பிள்ளைக்குப் பால் கொடுத்தன, பாம்புக்குப் பயந்து காலால் தரையைத் தட்டித் தட்டி நடந்தன. பாவப்பட்டவர்கள் போடும் கணக்கு எப்போதும் ஒரு படி குறைவாகவே இருக்கும். இருண்ட தெருதான் மேலத்தெருவின் கண்ணில் முதலில் பட்டது.

"கீழத்தெருவுல ஒளிக்கிறாக. நம்ம வீட்டு நெழலு ஏதோ அங்க இருக்கு" என்றார் நாட்டாண்மை. வெள்ளிக்கிழமை ஊர் போய் எண்ணுவது என்று முடிவாயிற்று. விளக்கையும் இலுப்பை எண்ணெயையும் கொண்டுபோவார்கள், ஆனால் ஏற்றிக்கொண்டு போக மாட்டார்கள். குடிசைக்குக் குடிசை அந்த வீட்டுப் பெண்ணே உள்ளே ஏற்ற வேண்டும், எண்ணுகிறவர்கள் வாசலுக்கு வெளியே இருட்டில் நின்று பார்ப்பார்கள். ஏன் இந்த ஏற்பாடு என்று இளவட்டங்களில் ஒருவன் கேட்டதற்கு, "வழக்கம்" என்றான் வயிரவன். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத வழக்கம். வீட்டுக்கு வந்து அருவாளைத் தீட்டி மறுபடி கூரை எரவாணத்தில் செருகினான். மகளைப் பார்த்து, "சாப்பிட்டியா ஆத்தா?" என்று பிரியமாகவே கேட்டான். அந்தப் பிரியம்தான் அடைக்கியை நடுங்க வைத்தது.

வியாழக்கிழமை விளக்கெண்ணெய்க் கலயம் காலியாயிற்று. அன்றைக்குப் பார்த்து அடுப்புக் கங்கும் அணைந்து கிடந்தது. அடைக்கி பதறி வறட்டித் துண்டை எடுத்துக்கொண்டு ஓரகத்தி பெரியநாச்சி வீட்டுக்குப் போனாள். பெரியநாச்சி, சிகப்பியைப் பெற்றவள். புருஷனும் போனபிறகு மேலத்தெருவின் கடைசி வீட்டில் ஒண்டியாக இருந்தாள். அங்கே ஏற்கெனவே விளக்கு வைத்தாயிற்று. விளக்கு வைத்த வீட்டில் நெருப்புக் கேட்கக் கூடாதே என்று அடைக்கி வாசலிலேயே தயங்கினாள்.

"வா அடைக்கி. ஒண்டிக்கட்டைக்கு என்ன வழக்கம். உள்ள வந்து எடுத்துக்க."

உள்ளே சுவரில் பெரியநாச்சியின் நிழல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று நிழல்கள் இருந்தன. மற்ற வீட்டு நிழல்கள் மாதிரி அவை உட்காரவில்லை, சாப்பிடவில்லை. மூன்றும் இடுப்பை வளைத்துக் குனிந்து, இரண்டு கைகளையும் தரையை நோக்கி நீட்டி, அசையாமல் நின்றன.

"யாருக்கும் சொல்லிறாத" என்றாள் பெரியநாச்சி, கொஞ்சம் வெட்கத்தோடு. "நாட்டாமகிட்ட ஒத்த நெழலுன்னுதான் சொல்லியிருக்கேன். யாரு பெத்த புள்ளைகளோ, மொத நாளே வந்துட்டாக. நாத்துப் பறிக்கிறாப்புல குனிஞ்சே நிக்கிறாக பாரு, இடுப்பு என்னத்துக்காகும்? மூணு பேருக்கும் சேத்துத்தான் ஒலை வைக்கிறேன். பதினோரு வருசமா இந்த வீட்ல எங்கூட ஒரு ஆளு நின்னதில்லத்தா."

மூன்று உருண்டைச் சோறு மூன்று இலையில் சுவரோரமாக இருந்தது. அடைக்கி அதைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். நடுவில் நின்ற நிழலுக்கு வலது தோள் இறங்கியிருந்தது. மஞ்சுவிரட்டில் மாடு தூக்கி எறிந்து எலும்பு விலகி, சரியாகக் கூடாமல் போன தோள். இருபது வருஷமாக அவள் எண்ணெய் போட்டு நீவிவிடும் தோள். நாற்றுப் பறிக்கிறவன் கை ஒன்று பிடிக்கும், ஒன்று பறிக்கும். இவர்களுக்கு இரண்டு கையும் சேர்ந்து கீழே அழுத்திக்கொண்டிருந்தது. அவன் ஏன் விளக்கு வைக்கும் முன்பே சாப்பிட்டான் என்பதும் அவளுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது.

கையிலிருந்த வறட்டி கீழே விழுந்து உடைந்தது. சொன்னால் புருஷன் போனான், சொல்லாவிட்டால் மகள் போனாள்.

"ஏத்தா, மொகம் ஏன் இப்படி வெளுக்குது? யாருன்னு தெரியுதா ஒனக்கு?"

"அக்கா" என்றாள் அடைக்கி. "அது நாத்து இல்லக்கா."

பெரியநாச்சி மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அந்த இறங்கிய தோளைப் பார்த்தாள். இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோற்றைப் பானையில் திரும்பப் போட்டாள். அப்புறம் வேறொரு வறட்டியைப் பிட்டு, அடுப்பிலிருந்து நல்ல கங்காகப் பார்த்து அதில் வைத்து, அடைக்கியின் கையில் கொடுத்தாள்.

"ஒம் புள்ள நெழலு வீட்ல இருக்கா?" என்று கேட்டாள்.

அடைக்கி இல்லையென்று தலையசைத்தாள்.

"நாளைக்கு எந்நேரம் கெளம்புறாக?"

"பொழுது விழவும்."

"சரி, போ. அந்நேரம் புள்ளையப் பின்வாசல் வழியா அனுப்பிரு. மித்தத நான் பாத்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை பொழுது விழுந்ததும் ஊர் திரண்டது. முன்னால் எண்ணுகிற மூவர், பின்னால் கம்பும் அருவாளுமாக முப்பது நாற்பது பேர். கீழத்தெருவுக்கு மேலத்தெருவின் கடைசி வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வீட்டு வாசலில் பெரியநாச்சி பாதையை மறித்து நின்றாள்.

"ஊரு எண்ணப் போறப்ப வழியில இருக்கிற மொத வீட்ட விட்டுட்டுப் போனா எப்படி?"

"ஒங்க வீட்ல ஒரு ஆளு, ஒரு நெழலு. எண்ணியாச்சு, வெலகுங்க" என்றார் நாட்டாண்மை.

"நான் பொய் சொல்லிட்டேன். வந்து எண்ணுங்க."

பொய் சொன்னதாக ஒருத்தி ஊர் முன்னால் ஒத்துக்கொண்ட பிறகு எண்ணாமல் எப்படிப் போவது? வயிரவன் மட்டும் போகலாம், போகலாம் என்று முணுமுணுத்தான். இளவட்டங்கள் விடவில்லை, எண்ணிவிட்டே போவோம் என்றார்கள். பெரியநாச்சி அவர்கள் கொண்டுவந்த எண்ணெயையே வாங்கி, அவர்கள் கொண்டுவந்த விளக்கிலேயே ஊற்றி, தன் அடுப்புக் கங்கில் ஏற்றி, கதவை அகலத் திறந்து வைத்தாள்.

சுவரில் மூன்று பேர் குனிந்து நின்றார்கள். யாரோ ஒருவன் நாற்று என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். அந்த ஊரில் அந்தத் தோளைத் தெரியாதவன் கிடையாது. வீரணனின் நெட்டைக் கழுத்தையும் நாட்டாண்மையின் தலைப்பாகைக் குஞ்சத்தையும் தெரியாதவனும் கிடையாது. வாசலிலிருந்து தெருவில் விழுந்த வெளிச்சத்தில் ஊரே திரும்பி அந்த மூவரின் காலடியைப் பார்த்தது. அங்கே வெறும் மண்தான் இருந்தது. முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களும் நகர்ந்தார்கள், மூவரைச் சுற்றி ஒரு களம் அளவுக்கு இடம் காலியாயிற்று.

"கை எடுக்கச் சொல்லுங்க" என்றாள் பெரியநாச்சி. சத்தமே போடவில்லை. "பதினோரு வருசமாச்சு. எம் புள்ள எப்பவோ செத்துப்போச்சு. இன்னும் ஏன் அமுக்கிக்கிட்டு நிக்கிறாக? கைய எடுக்கச் சொல்லுங்க."

அருவாளை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கீழத்தெருவுக்கு யாரும் போகவில்லை. எங்கள் ஊருக்கு வெட்கம் வந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் வந்தது பயம்தான். வீட்டுக்குப் போய் விளக்கு வைத்தால் தன் சுவரில் யார் குனிந்து நிற்பார்கள், தன் நிழல் யார் வீட்டில் எதை அமுக்கிக்கொண்டு நிற்கும் என்று அன்றைக்கு ஒவ்வொருவனும் தனக்குள் எண்ணிக்கொண்டு போனான்.

வயிரவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே இலுப்பை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அடைக்கி உட்கார்ந்திருந்தாள். மகள் இல்லை. சுவரில் யாருமே இல்லை. அவன் நிழல் கடைசி வீட்டில் குனிந்து நின்றது. அடைக்கியின் நிழல் கரிவண்டிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. வெறும் சுவரைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எந்நேரம் போனா?"

கண்மாய்க் கரை மேட்டில் ஒரு வண்டி ஏறும் சத்தம் கேட்டது. ஓடினால் பிடித்துவிடலாம். அவன் கண் எரவாணத்துக்குப் போனது. இருபது வருஷத்தில் அவனை ஒரு கேள்வி கேட்டறியாதவள் அடைக்கி.

"அருவா அங்கதான் இருக்கு. எடுக்கிறதுன்னா எடுங்க" என்றாள். "அதுக்கு முன்ன எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லிட்டுப் போங்க. தண்ணிக்குள்ள அமுக்கயில சிகப்பி ஒங்கள என்னன்னு கூப்பிட்டா?"

வண்டி மேட்டில் ஏறி இறங்கியது. மாட்டு மணி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

"சின்னய்யான்னுதான்" என்றான்.

சொன்னதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மணிச் சத்தம் நின்றபிறகும் எழுந்திருக்கவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, "வெளக்க அமத்துடி" என்றான்.

அடைக்கி திரியைத் தூண்டிவிட்டு, கலயத்தில் மிச்சமிருந்த எண்ணெயை எல்லாம் அதில் ஊற்றினாள்.